களிம்புக்கும் ஓர் அளவு உண்டு



நம் வீடுகளில் மருந்து வைக்கும் மாடத்தையோ குளிர்பெட்டியின் கதவுத் தட்டையோ ஒருமுறை பாருங்கள். நடுவில் நசுங்கி, மூடி தளர்ந்து, பெயரும் பாதி அழிந்துபோன ஒரு சிறிய டியூப் அங்கே இருக்கும். கைக்குழந்தையின் கன்னத்தில் சிவப்புத் தோன்றினால் அதைத்தான் தடவுகிறோம். அத்தாவுக்குத் தொடையிடுக்கில் அரிப்பென்றால் அதே டியூப். மூத்த மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள், முகம் பளிச்சென்று இருக்க வேண்டும் என்றாலும் அதே டியூப்தான். யார் எழுதிக் கொடுத்தார், எந்த நோய்க்கு, எத்தனை நாளைக்கு என்று கேட்டால் விடை சொல்பவர் எவருமில்லை.

பெரும்பாலும் அந்த டியூபில் இருப்பது ஸ்டீராய்டு கலந்த களிம்பாகும். நான் மருத்துவன் அல்லன்; மதரஸாவில் பாடம் நடத்துபவன். ஆயினும் பிள்ளைகளின் கைகளிலும் கழுத்துகளிலும் இந்தக் களிம்பு செய்யும் நன்மையையும் தீமையையும் நாள்தோறும் பார்க்கிறவன் என்ற முறையில், தோல் மருத்துவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லி வருவதைக் குடும்பங்களுக்கு எடுத்துரைப்பது கடமையெனக் கருதி இம்மாதம் இதை எழுதுகிறேன்.

இது எப்படிப்பட்ட மருந்து?

நமது சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பிகளில் கார்ட்டிசோல் என்னும் சுரப்புநீரை அல்லாஹ் அமைத்துள்ளான். உடலில் எங்கேனும் அழற்சி கிளம்பினால் அதைக் கட்டுக்குள் வைப்பது இதன் பணிகளில் ஒன்று. இச்சுரப்பியின் ஹார்மோன்களை ஆராய்ந்த கெண்டல், ரைக்ஸ்டைன், ஹென்ச் ஆகிய மூவருக்கு 1950-ஆம் ஆண்டு மருத்துவத்திற்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. 1952-இல் சல்ஸ்பெர்கர், விட்டன் என்னும் இரு அமெரிக்கத் தோல் மருத்துவர்கள் ஹைட்ரோகார்ட்டிசோனைக் களிம்பாக்கித் தோலின் மேல் தடவிப் பயன் கண்டனர். அதுவரை தார்க் குழம்பைப் பூசிக்கொண்டு வேதனைப்பட்ட கரப்பான் நோயாளிகளுக்கு அது பெரும் விடுதலையாக இருந்தது.

தோலில் சிவப்பு, வீக்கம், அரிப்பு, நீர்க்கசிவு ஆகியவற்றை உண்டாக்கும் அழற்சியை இக்களிம்பு அடக்குகிறது. விரிந்திருக்கும் நுண்ணிய இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. அந்த இடத்தில் உடலின் எதிர்ப்புப் படையை அமைதிப்படுத்துகிறது. ஆனால் கிருமியைக் கொல்லும் ஆற்றல் இதற்குக் கிடையாது. அழுகின்ற பிள்ளையின் வாயைப் பொத்துவதும் அதன் பசியைத் தீர்ப்பதும் ஒன்றாகுமா? அழற்சியே நோயாக இருக்குமிடத்தில் ஸ்டீராய்டு களிம்பு நோயைத் தணிக்கும். கிருமியால் அழற்சி வந்திருக்குமிடத்திலோ அழுகையை மட்டும் நிறுத்தும். உள்ளே கிருமி தடையின்றிப் பெருகும். இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொண்டால் இனிச் சொல்லப்போகும் அனைத்தும் எளிதில் விளங்கும்.

பயப்படுவோருக்கு ஒரு சொல்

இரண்டு வகையான தவறுகள் நம்மிடையே உள்ளன. அஞ்ச வேண்டாத இடத்தில் அஞ்சுவது ஒன்று. அஞ்ச வேண்டிய இடத்தில் துணிவது மற்றொன்று. முதலாவதைப் பற்றி முதலில் பேசுவோம்.

ஸ்டீராய்டு என்ற சொல்லைக் கேட்டதுமே, மருத்துவர் எழுதிக் கொடுத்த களிம்பைக்கூடத் தொடாமல் வைத்துவிடும் தாய்மார்கள் இருக்கிறார்கள். முழங்கை மடிப்பிலும் முழங்கால் மடிப்பிலும் கரப்பான் கண்ட பிள்ளை இரவெல்லாம் சொறிகிறது, உறக்கம் இல்லை, விடிந்தால் பள்ளியில் தூங்குகிறது, சொறிந்த இடம் புண்ணாகிச் சீழ் வைக்கிறது. களிம்பினால் வரக்கூடும் என்று அஞ்சிய தீங்கைவிட, களிம்பின்றி வந்துவிட்ட தீங்கு பெரிதாகிறது.

அரிப்பு என்பது அற்ப நோயன்று. ஆண்களுக்குப் பட்டாடை விலக்கப்பட்டது என்பதை நாம் அறிவோம். அப்படியிருந்தும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி), ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) ஆகிய இரு நபித்தோழர்களுக்கு உடலில் அரிப்பு ஏற்பட்டபோது, பட்டு அணிந்துகொள்ள நபி (ஸல்) அவர்கள் அனுமதியளித்தார்கள் என்று புகாரீ, முஸ்லிம் ஆகிய நூல்களில் பதிவாகியுள்ளது. ஒரு தடையையே தளர்த்தும் அளவுக்கு மார்க்கம் மதித்த துன்பத்தை, பிள்ளை பொறுத்துக்கொள்ளட்டும் என்று நாம் விட்டுவிடுவது நியாயமாகுமா?

கரப்பான், சோப்பு அல்லது சிமென்ட் போன்றவை படுவதால் வரும் ஒவ்வாமைப் புண், காளாஞ்சகப்படை எனப்படும் சொரியாசிஸ் முதலிய நோய்களுக்கு, மருத்துவர் குறித்த அளவில் குறித்த நாட்கள் இடும் ஸ்டீராய்டு களிம்பு பாதுகாப்பானது; பயன் மிக்கது. எவ்விதப் பத்தியமோ அச்சமோ இன்றி அதைப் பூசலாம்.

துணிந்து கெடுப்போர்

இரண்டாவது தவறுதான் நம் நாட்டில் பரவலாக வேரூன்றிவிட்டது. இந்தியாவின் 12 தோல் மருத்துவ மையங்களில் நடத்தப்பெற்று 2011-இல் வெளியான ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. முகத்தில் தோல் நோய் என்று வந்த 2,926 பேரைப் பரிசோதித்ததில் 433 பேர் முகத்தில் ஸ்டீராய்டு களிம்பு பூசி வந்தவர்களாக இருந்தனர். அவர்களுள் 126 பேர் அதை நிறம் கூட்டும் கிரீமாகவோ, பொதுவான முகப்பூச்சாகவோ, சவரத்திற்குப் பின் தடவும் களிம்பாகவோ பயன்படுத்தியிருந்தனர். 257 பேருக்கு அதைச் சொன்னவர் எந்த மருத்துவரும் அல்லர். பக்கவிளைவுக்கு ஆளாகியிருந்தோர் 392 பேர். அதாவது பத்தில் ஒன்பது பேர்!

மருந்து பற்றிய சட்டத்திலும் முன்பு ஓர் ஓட்டை இருந்தது. ஸ்டீராய்டு மாத்திரைக்கும் ஊசிக்கும் மருத்துவர் சீட்டு வேண்டும் என்ற விதியிலிருந்து மேற்பூச்சு மருந்துகள் பலவற்றுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருந்தது. தோல் மருத்துவர்களின் சங்கம் இதை எதிர்த்து நீண்ட காலம் குரல் கொடுத்தது. நீதிமன்றம் வரையும் சென்றது. அதன் பின்னர் 2018 மார்ச்சு மாதம் மத்திய அரசு வெளியிட்ட அறிவிக்கையின்படி, ஃபுளூசினோலோன், ஹாலோபெட்டாசோல் உள்ளிட்ட 14 ஸ்டீராய்டு மருந்துகள் மேற்பூச்சாக இருப்பினும் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதவையாகிவிட்டன. சட்டம் வந்துவிட்டது. ஆனால், "அரிப்புக்கு ஏதாவது கொடுங்க பாய்" என்று நாம் கேட்பதும், கடைக்காரர் கைக்கெட்டிய டியூபை எடுத்துத் தருவதும் இன்னும் நின்றபாடில்லை.

மருத்துவம் அறியாத ஒருவர் மருத்துவம் செய்யப் புகுந்தால், அதனால் விளையும் கேட்டுக்கு அவரே பொறுப்பாளி என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. அபூதாவூத், நஸயீ, இப்னு மாஜா ஆகிய நூல்களில் இக்கருத்துடைய ஹதீஸ் இடம்பெற்றுள்ளது. மருந்துக் கடை நடத்தும் நம் சகோதரர்களும், "என் மகளுக்கு இதுதான் கேட்டது, உன் மகளுக்கும் போடு" என்று டியூபை நீட்டும் அண்டை வீட்டுச் சகோதரிகளும் இதனைச் சிந்திக்க வேண்டும்.

படர்தாமரையும் களிம்பும்

நெய்வேலி நகரியத்தை ஒட்டிய எங்கள் வடக்குத்துப் பகுதியில் கத்திரி வெயில் எப்படி இருக்கும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சுரங்கத்திலும் அனல் மின் நிலையத்திலும் வேலை முடித்து வருவோர் தடித்த உடையும் காலணியும் வியர்வையில் நனைந்த நிலையிலேயே வீடு சேர்கிறார்கள். இடுப்பிலும் தொடையிடுக்கிலும் ஈரம் தங்கும் உடலில் படர்தாமரை எளிதாகக் குடியேறுகிறது. இது பூஞ்சையால் வரும் நோய். இதற்கு வேண்டியது பூஞ்சையைக் கொல்லும் மருந்து.

ஆனால் கடையில் கிடைப்பதோ ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து மூன்றையும் ஒன்றாகக் கலந்த களிம்பு. தடவிய இரண்டாம் நாளே அரிப்பு அடங்கிவிடும். "நல்ல மருந்து" என்று மனம் மகிழும். நான்கு நாள் விட்டால் முன்னிலும் பெரிய வட்டமாகப் படரும். மீண்டும் தடவுவார், மீண்டும் அடங்கும், மீண்டும் படரும். நாளடைவில் வட்டத்தின் உருவமே மாறிவிடுவதால் பழகிய மருத்துவருக்குக்கூட நோயை அடையாளம் காண்பது கடினமாகிறது. தொடையிடுக்கில் தோல் மெலிந்து, பிரசவித்த வயிற்றில் விழுவதுபோன்ற வரிகள் விழுந்துவிட்டால் அவை பின்னர் முற்றிலும் மறைவதில்லை.

இந்தத் துர்ப்பழக்கம் உலகம் வரை சென்றுவிட்டது. வழக்கமான மருந்துக்கு அடங்காத ஒரு படர்தாமரைப் பூஞ்சைக்கு 2020-இல் அறிஞர்கள் இட்ட பெயர் டிரைக்கோஃபைட்டான் இண்டோட்டினியே என்பதாகும். பெயரிலேயே நம் நாட்டைச் சுமந்து நிற்கிறது! 2023 மே மாதம் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் நியூயார்க்கில் இருவரிடம் இது காணப்பட்டதாக அறிவித்தது. இப்பூஞ்சை இவ்வளவு வலுப்பெற்றுப் பரவியதற்கு ஸ்டீராய்டு கலந்த களிம்புகளைத் தாறுமாறாகப் பூசியது ஒரு முக்கியக் காரணம் என்று மருத்துவர்கள் கருதுகின்றனர்.

எனவே வட்டமாக, ஓரம் தடித்து, நடுவில் தெளிந்து காணும் அரிப்புக்கு ஸ்டீராய்டைத் தொடவே வேண்டாம். வீட்டில் ஒருவருக்கு வந்தால் மற்றவர்களையும் பரிசோதித்து ஒரே நேரத்தில் வைத்தியம் செய்யுங்கள். ஒருவருடைய துண்டையும் கைலியையும் மக்கனாவையும் மற்றவர் அணிய வேண்டாம். துவைத்த துணியை நல்ல வெயிலில் உலர்த்துங்கள். அரிப்பு நின்றபின்னும் மருத்துவர் சொன்ன நாள் வரை பூஞ்சை மருந்தை விடாதீர்கள்.

மாணவர்கள் தங்கிப் பயிலும் மதரஸாக்களிலும் விடுதிகளிலும் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புளைச் சுற்றிய பகுதி ஆகிய இடங்களில் சிறு கொப்புளங்களும், இரவில் கூடுதலாகும் அரிப்பும் இருந்தால் அது சிரங்காக இருக்கலாம். தோலுக்குள் குடைந்து செல்லும் நுண்ணுயிரால் அது வருவது. அங்கும் ஸ்டீராய்டு பூசினால் அரிப்பு மறையும்; பூச்சி பெருகும்; ஒரே பாயில் படுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் பரவும்.

முகத்தின் நிறம்

வேதனைக்குரிய இன்னொரு செய்திக்கு வருகிறேன். மாநிறமாக இருக்கும் நம் பெண் பிள்ளைகளின் முகத்தில் இக்களிம்பைப் பூசி வெளுக்க வைக்கும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. மங்கு எனப்படும் கரும்படைக்கு ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் சேர்த்த கலவையை 1975-இல் கிளிக்மான், வில்லிஸ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்டனர். மருத்துவர் மேற்பார்வையில், குறிப்பிட்ட சில வாரங்களுக்கு மட்டும் பூச வேண்டிய மருந்து அது. அதே வகைக் கலவைதான் இன்று நிறம் கூட்டும் கிரீமாக மாதக்கணக்கில், வருடக்கணக்கில் பூசப்படுகிறது.

முதல் சில வாரங்கள் முகம் வழுவழுப்பாகும், வெளுக்கும், உறவினர் புகழ்வர். பிறகு பருக்கள் கிளம்பும். கன்னத்தில் நூல் நூலாக இரத்தக் குழாய்கள் தெரியும். பெண்ணின் முகத்தில் மயிர் அடர்த்தியாக முளைக்கும். வெயில் பட்டால் எரியும். பயந்து நிறுத்தினால் முகம் சிவந்து, வீங்கி, கொதிக்கும். அந்த வேதனை தாளாமல் மீண்டும் பூசுவாள், உடனே அடங்கும். இப்படியே அந்த முகம் களிம்புக்கு அடிமையாகிவிடுகிறது. இந்நிலைக்கு ஸ்டீராய்டால் கெட்ட முகம் என்றே இந்தியத் தோல் மருத்துவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். கண்ணிமை அருகே நெடுநாள் பூசினால் கண்ணின் உள்ளழுத்தம் கூடிப் பார்வைக்கே ஊறு நேரலாம், கண்புரையும் வரலாம்.

சகோதரிகளே! கறுப்பரைவிட வெள்ளையருக்கு மேன்மை கிடையாது, இறையச்சத்தாலன்றி, என்று இறுதி ஹஜ்ஜில் அறிவித்த நபி (ஸல்) அவர்களின் சமுதாயம் நாம். கஅபாவின் மேல் ஏறிப் பாங்கு சொல்லும் பெருமையைப் பெற்றவர் பிலால் (ரலி) அவர்கள். அப்படிப்பட்ட சமுதாயத்தில் ஒரு பெண் பிள்ளை தன் முகத்தைக் கெடுத்துக்கொள்ளும் நிலை ஏன் வந்தது? பெண் பார்க்கச் செல்லும் மாப்பிள்ளை வீட்டார், "பெண் கொஞ்சம் நிறம் கம்மி" என்று சொல்லிவிட்டு எழுந்து வரும்போது, அந்தக் களிம்பை அவர்களும் தங்கள் கையாலேயே தடவுகிறார்கள். மருந்துக் கடையை மட்டும் குறை கூறிப் பயனில்லை.

எண்ணைக் கண்டு ஏமாற வேண்டாம்

ஸ்டீராய்டு களிம்புகள் எல்லாம் ஒரே வலிமை உடையவை அல்ல. ஹைட்ரோகார்ட்டிசோன் 1 சதவீதம் மென்மையானது. குளோபெட்டாசோன் நடுத்தரமானது. பெட்னோவேட் என்ற பெயரில் பலரும் அறிந்த பீட்டாமெத்தசோன் 0.1 சதவீதம் வலிமையானது. மோமெட்டாசோனும் அவ்வரிசையில் சேரும். குளோபெட்டாசோல் 0.05 சதவீதம் மிகமிக வலிமையானது. சதவீதம் குறைவாக இருப்பதால் மென்மையான மருந்து என்று எண்ணிவிட வேண்டாம். 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோனைக் காட்டிலும் 0.05 சதவீதக் குளோபெட்டாசோல் பன்மடங்கு கடுமையானது. பெரியவர்களுக்குக்கூட அதைத் தொடர்ந்து இரண்டு வாரத்திற்கு மேலும், வாரத்திற்கு 50 கிராமுக்கு மேலும் பூசக் கூடாது என்பது வரம்பு.

பெயரிலும் ஓர் ஆபத்து உண்டு. குளோபெட்டாசோல் கடுமையான ஸ்டீராய்டு. குளோட்ரிமசோல் பூஞ்சை மருந்து. "குளோ... ஏதோ சோல்" என்று அரைகுறையாகக் கேட்டு வாங்கினால் நோய்க்கு நேர் எதிரான மருந்து கைக்கு வந்து சேரலாம். சீட்டைக் காட்டி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் டியூபில் அச்சிட்டிருக்கும் மருந்தின் பெயரைச் சீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

பூசும் இடமும் கணக்கில் வரும். தோல் எல்லா இடத்திலும் ஒரே தடிமன் அன்று. ஃபெல்ட்மான், மெய்பாக் என்ற இருவர் 1967-இல் ஹைட்ரோகார்ட்டிசோனைக் கொண்டு இதை அளந்து பார்த்தார்கள். முன்கைத் தோல் உறிஞ்சும் அளவை ஒன்று என்று வைத்துக்கொண்டால், நெற்றி அதைப்போல் 6 மடங்கும், விதைப்பைத் தோல் 42 மடங்கும் உறிஞ்சின. உள்ளங்காலோ முன்கையில் ஏழில் ஒரு பங்கு அளவே உறிஞ்சியது. குதிகால் கரப்பானுக்கு எழுதிக் கொடுத்த களிம்பை முகத்திலும் மறைவிடத்திலும் தடவினால் என்ன ஆகும் என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. அக்குள், தொடையிடுக்கு, மார்பின் கீழ்மடிப்பு ஆகியவையும் அவ்வாறே. குழந்தைக்குப் பூசி அதன்மேல் பிளாஸ்டிக் அணையாடையை இறுக்கிக் கட்டினாலும் மருந்து கூடுதலாக உள்ளிறங்கும். கைக்குழந்தையின் உடலில் பரந்த இடத்தில் கடுமையான களிம்பை நெடுநாள் பூசினால் அது இரத்தத்தில் கலந்து, குழந்தையின் அட்ரீனல் சுரப்பியையே வேலை செய்யவிடாமல் தடுக்கவும் கூடும்.

விரல் நுனிக் கணக்கு

"மெல்லியதாகத் தடவுங்கள்" என்று மருத்துவர் சொல்வார். மெல்லியது என்பது எவ்வளவு? இதற்கு 1991-இல் லாங், ஃபின்லே என்ற இரு மருத்துவர்கள் ஓர் எளிய அளவுகோலைத் தந்தார்கள். வளர்ந்தவரின் ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்புக் கோடு வரை டியூபைப் பிதுக்கி ஒரு கோடாக வையுங்கள். அதுவே ஒரு விரல் நுனி அளவு. ஏறக்குறைய அரை கிராம். விரல்களைச் சேர்த்து வைத்த இரண்டு உள்ளங்கைகள் அளவுள்ள இடத்திற்கு அது போதுமானது. குழந்தைக்குப் பூசும்போதும் பெரியவரின் விரலையே அளவாகக் கொண்டு, பெரியவரின் இரண்டு உள்ளங்கை இடத்துக்கு ஓர் அளவு என்று கணக்கிட வேண்டும்.

பெரியவர் ஒருவருக்கு முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டரை அளவு, ஒரு கைக்கு மூன்று, அதன் மணிக்கட்டுக்குக் கீழே ஒன்று, ஒரு காலுக்கு ஆறு, பாதத்துக்கு இரண்டு, மார்பும் வயிறும் சேர்ந்து ஏழு, முதுகுக்கும் பிட்டத்துக்கும் ஏழு என்பது கணக்கு. இது நோய் முழுமையாகப் பரவியிருந்தால் தேவைப்படும் அளவு. புண் உள்ள இடத்தில் மட்டும் பூச வேண்டும். நல்ல தோலில் பூசத் தேவையில்லை.

இக்கணக்கைக் கொண்டு உங்கள் டியூபையே சோதிக்கலாம். இரண்டு உள்ளங்கை அளவுள்ள கரப்பானுக்கு நாளைக்கு ஒரு முறை பூசினால் 20 கிராம் டியூப் 40 நாள் வரும். அது ஒரு வாரத்தில் தீர்ந்துவிட்டால் அள்ளிப் பூசுகிறீர்கள் என்று பொருள். மாறாக, ஒரு கால் முழுவதும் கரப்பான் உள்ளவருக்கு நாளொன்றுக்கு மூன்று கிராம் தேவை. அதே டியூப் ஏழு நாளுக்குள் தீர வேண்டும். அது இரண்டு மாதமாகத் தீராதிருந்தால் பயந்து பயந்து தொட்டு வைக்கிறீர்கள். நோய் ஆறாததற்கு அதுவே காரணமாகலாம்.

பொதுவாக நாளைக்கு ஒரு முறை அல்லது இரு முறைக்கு மேல் பூசிப் பயனில்லை. அழற்சி அடங்கும் வரை பூசி, பிறகு மருத்துவர் சொன்னபடி நிறுத்தவோ குறைக்கவோ வேண்டும். அடிக்கடி திரும்பும் கரப்பானுக்கு, ஆறிய பின்னும் வாரத்தில் இரண்டு நாள் மட்டும் பூசிவரச் சில மருத்துவர்கள் சொல்வதுண்டு. அது அவர் நோயாளியைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

களிம்பை மட்டும் நம்பியிருப்பதும் கூடாது. கரப்பான் தோல் வறண்ட தோல். வாசலின், திரவப் பாரஃபின், தேங்காய் எண்ணெய் போன்ற பசையை நாளும் தடவி ஈரத்தைக் காத்தால் களிம்பின் தேவையே குறையும். இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக உடனே பூசாமல், இடையே அரை மணி நேரம் விடுங்கள்.

உளூவும் நோன்பும்

களிம்பு பூசியிருந்தால் உளூ கூடுமா என்று பலர் கேட்கிறார்கள். எண்ணெயோ களிம்போ வெறும் பிசுபிசுப்பாக மட்டும் இருந்து, தண்ணீர் தோலில் படுவதைத் தடுக்காவிட்டால் உளூ நிறைவேறும். தனிப் படலமாகத் தடித்து நின்று தண்ணீரைத் தடுத்தால் அதை நீக்கிக் கழுவ வேண்டும். மேலே சொன்ன விரல் நுனிக் கணக்கில் பூசும் மருந்து தோலில் ஊறிவிடும், படலமாக நிற்காது. நோன்பு நேரத்தில் தோலின் மேல் மருந்து பூசுவதால் நோன்பு முறிவதும் இல்லை. ஆகவே ரமலானில் மருந்தை விட்டுவிட்டுப் பெருநாள் வரை சொறிந்துகொண்டிருக்க வேண்டிய அவசியம் கிடையாது.

ஐந்து வேளை கழுவப்படும் கை, முகம், பாதங்களில் மருந்து தங்க வேண்டுமே என்றால் அதற்கும் வழி உண்டு. நாளைக்கு ஒரு முறை என்றால் இஷாத் தொழுகைக்குப் பின் பூசுங்கள். ஃபஜ்ரு வரை அது வேலை செய்யும். இரு முறை என்றால் ஃபஜ்ருக்குப் பின்னும் இஷாவுக்குப் பின்னும் பூசலாம். கையில் கரப்பான் உள்ளவர்கள் ஒவ்வோர் உளூவுக்கும் சோப்பு போட வேண்டாம், தண்ணீரே போதுமானது. உளூ செய்தபின் ஈரத்தை ஒற்றித் துடைத்து, எண்ணெய்ப் பசை தடவிக்கொள்ளுங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தம் நிலையை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். மார்பில் பூசியிருந்தால் பால் கொடுக்குமுன் கழுவிவிட வேண்டும்.

மறைவிடத்தில் நோய் என்றால் வெட்கப்பட்டு மருத்துவரிடம் போகாமல், மகனை அனுப்பிக் கடையில் டியூப் வாங்கிவரச் செய்யும் தாய்மார்களும் தந்தைமார்களும் நம்மில் அதிகம். வைத்தியத்தின் தேவைக்காக, தேவைப்படும் அளவுக்கு உடலைக் காட்ட மார்க்கத்தில் அனுமதி உண்டு. பெண்கள் பெண் மருத்துவரை நாடலாம். வெட்கம் ஈமானின் ஒரு கிளைதான். ஆனால் அது வைத்தியத்துக்குத் தடையாகிவிடக் கூடாது.

இனிச் செய்ய வேண்டியது

இன்று மாலையே வீட்டில் இருக்கும் டியூப்களை எல்லாம் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். காலம் கடந்தவற்றையும், யாருக்கு வாங்கியது என்று தெரியாதவற்றையும் அப்புறப்படுத்துங்கள். மீதமுள்ளவற்றின் மேல் ஒரு சிறு தாளை ஒட்டி, யாருக்கு, உடலில் எந்த இடத்துக்கு, எத்தனை நாளைக்கு என்று எழுதி வையுங்கள். மருத்துவரிடம் செல்லும்போது இதுவரை பூசியவற்றின் டியூப்களையும் கொண்டுசென்று காட்டுங்கள். ஸ்டீராய்டு தடவியதை மறைத்தால் நோயை அவர் அறிந்துகொள்வது கடினம்.

முகத்திலோ உடலிலோ மாதக்கணக்கில் பூசி வந்தவர்கள் இதைப் படித்த அச்சத்தில் தாமாகவே ஒரே நாளில் நிறுத்திவிட வேண்டாம். தோல் மருத்துவரைக் கண்டு, குறைத்து நிறுத்தும் முறையைக் கேட்டு நடங்கள். சிவப்பும் எரிச்சலும் சில காலம் இருக்கலாம், பொறுமை தேவைப்படும். எங்கள் பகுதியினருக்குச் சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் புதுச்சேரி ஜிப்மரிலும் தோல் நோய்ப் பிரிவுகள் இயங்குகின்றன. பிற ஊர்களில் வசிப்போர் தத்தம் மாவட்டத்து அரசு மருத்துவமனையை நாடலாம்.

உடல் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அதைப் போர்த்தியிருக்கும் தோலும் அமானிதமே. அதற்கு வேண்டிய மருந்தை மறுப்பதும் அமானித மோசடி. வேண்டாத மருந்தைத் திணிப்பதும் அமானித மோசடி. எதிலும் நடுநிலையைப் பேணச் சொன்ன மார்க்கத்தினர் நாம். கைக்குள் அடங்கும் சிறு டியூபிலும் அந்த நடுநிலை பேணப்பட வேண்டும்.

நோயுற்ற நம் பிள்ளைகளுக்கு வல்ல நாயன் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தந்து, நமக்கு நல்லறிவைத் தந்தருள்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.